பைன் மரச்சாமான்களுக்கு எந்த இயற்கைப் பூச்சு? புதியவர்களுக்கான வழிகாட்டி

தேக்கின் விலையைக் கேட்டுவிட்டுப் பைன் மரத்தின் பக்கம் திரும்புகிறவர்கள் இன்று பலர். நியூசிலாந்திலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் கப்பலில் வரும் பைன் பலகைகளும், இயந்திரங்களைச் சுமந்துகொண்டு துறைமுகத்தில் வந்திறங்கும் பெட்டி மரங்களும் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றை அறுப்பதும் இழைப்பதும் எளிது என்பதால், முதன்முதலாகக் கைவேலை பழகுகிறவர்கள் ஒரு புத்தக அலமாரியையோ டீப்பாயையோ இந்த மரத்தில்தான் செய்து பார்க்கிறார்கள். செய்து முடித்த பிறகு மேலே என்ன பூசுவது என்ற கேள்வி எழுகிறது. பெயின்ட் கடைக்காரர் சீலர், மெலமைன் ஆகிய ரசாயனப் பூச்சுகளை எடுத்துத் தருவார். தின்னர் வாடை வீட்டுக்குள் வேண்டாம், மரத்தின் ரேகையும் தொடுவுணர்வும் மறையக் கூடாது என்று நினைப்பவர்களுக்கு அரக்கு, உலரும் எண்ணெய், மெழுகு ஆகிய பழைய வழிகள் இருக்கின்றன. அவற்றுள் எதை, எந்தச் சாமானுக்கு, எப்படித் தேர்வது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தொடங்குவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மென்மரத்திற்குப் பூச்சுத் தேடும்போது எது மிகவும் கெட்டியானது என்று கேட்பதைவிட, எதை நாமே வீட்டில் பழுதுபார்க்க முடியும் என்று கேட்பதுதான் பயன் தரும் என்று நான் நம்புகிறேன். பைன் அழுந்தக்கூடிய மரம். ஒரு சாவிக்கொத்து விழுந்தாலும் அதில் பள்ளம் விழும். எந்தப் பூச்சும் அடியிலுள்ள மரத்தைக் கடினமாக்கிவிடாது. மென்மையான மரத்தின்மேல் கண்ணாடிபோன்ற கெட்டிப் படலத்தை ஏற்றினால், மரம் அழுந்தும் இடத்தில் படலம் விரிசல் விட்டு, அதன் வழியே ஈரம் இறங்கி, கடைசியில் முழுப் பரப்பையும் சுரண்டி மறுபடி பூச வேண்டியதாகிவிடும். அரக்கும் எண்ணெயும் மெழுகும் அந்த அளவு கெட்டியானவை அல்ல என்பது உண்மை. ஆனால் பழுதான இடத்தை மட்டும் தேய்த்து, அதே பொருளை மறுபடி பூசினால், பழைய பூச்சோடு புதியது ஒட்டிக்கொள்ளும்.

கையிலுள்ள மரம் எது?

தாவரவியல்படி மென்மரம் என்பது பைன், ஸ்புரூஸ், தேவதாரு போன்ற ஊசியிலை மரங்களின் கட்டையைக் குறிக்கும். நீலகிரியிலிருந்து வரும் சில்வர் ஓக்கும், மலைவேம்பும், ரப்பர் மரமும் லேசாகவும் மலிவாகவும் இருந்தாலும் அவை இந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. இந்த வேறுபாடு பூச்சு வேலையில் இரண்டு இடங்களில் முக்கியமாகிறது. பைன் கட்டையில் பிசின் இருக்கும், அது கணுக்களில் திரண்டிருக்கும், வெயில் காலத்தில் பூச்சையும் தாண்டிக் கசியும். மேலும், பைனின் ஆண்டு வளையங்களில் வெளிர்நிறப் பகுதி பஞ்சுபோல எண்ணெயையும் சாயத்தையும் உறிஞ்சிக்கொள்ளும், ஒட்டியிருக்கும் கருநிறக் கோடு அடர்த்தியானதால் உறிஞ்சாது. இதனால்தான் பைன் பலகையில் நேரடியாகச் சாயம் ஏற்றினால் திட்டுத்திட்டாகப் பிடிக்கிறது.

பெட்டி மரத்தையோ, சரக்கை அடுக்கும் மரத்தட்டான பேலட்டையோ பிரித்து வேலை செய்கிறவர்கள், அதில் சுட்டுப் பதித்திருக்கும் முத்திரையை முதலில் பார்க்க வேண்டும். ஐ.எஸ்.பி.எம். 15 என்ற பன்னாட்டு விதிப்படி, நாடு விட்டு நாடு செல்லும் மரப்பெட்டிகள் பூச்சிகளை ஒழிக்கும் சிகிச்சைக்கு உட்பட வேண்டும். ‘எச்.டி.’ என்று பதித்திருந்தால் கட்டையின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடங்கள் வைக்கப்பட்டது என்று பொருள். ‘எம்.பி.’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவால் புகையூட்டப்பட்டது. வீட்டுச் சாமானுக்கு எச்.டி. முத்திரை உள்ளதையே எடுங்கள். முத்திரை எதுவுமே இல்லாத, எண்ணெய்க் கறையோ ரசாயன வாடையோ உள்ள பலகைகளை விட்டுவிடுங்கள். இயற்கைப் பூச்சு பூசி நஞ்சை உள்ளே மூடி வைப்பதில் பொருளில்லை.

இன்னொன்று. நாம் பேசப்போகும் எந்தப் பூச்சும் கறையானையும் மரத்துளைப்பானையும் தடுக்காது. பைன் இரண்டுக்கும் எளிதாக இரையாகும். பூச்சு வேலைக்கு முன்பே போராக்ஸ், போரிக் அமிலம் கலந்த கரைசலைப் பூச்சில்லாத வெறும் மரத்தில் தடவி, முழுவதும் காயவிட்டு, மேலே படியும் உப்பைத் துடைத்தெடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போவது நல்லது. மேலே பூச்சு ஏறிய பிறகு இந்தக் கரைசல் மரத்துக்குள் இறங்காது.

சாமானுக்கு என்ன வேலை?

வரவேற்பறையின் புத்தக அலமாரிக்கும் சாப்பாட்டு மேசைக்கும் ஒரே பூச்சைத் தேடுவதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். அந்தச் சாமான்மேல் தண்ணீர் சிந்துமா, சூடான டம்ளர் வைக்கப்படுமா, வியர்வை படுமா, மூடிய இடமா என்பதை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

புத்தக அலமாரி, சுவர்த் தட்டு, கண்ணாடிச் சட்டம் போன்றவை அதிகம் அடிபடாதவை. அவற்றுக்கு அரக்கும் அதன்மேல் மெழுகும் போதும், இந்த இணையைவிட அழகான தோற்றத்தைப் பைனுக்குத் தருவது கடினம். டீப்பாய்க்கும் சாப்பாட்டு மேசைக்கும் அரக்கு பொருந்தாது. காபி டம்ளரின் சூட்டில் வெள்ளை வளையம் விழுந்துவிடும். அங்கே உலரும் எண்ணெயே வேண்டும். அல்லது எண்ணெயும் மெழுகும் சேர்ந்த ஹார்டுவாக்ஸ் எண்ணெய் எனப்படும் ஆயத்தக் கலவை வேண்டும். நாற்காலிக் கைப்பிடியில் வியர்வையும் தலையெண்ணெயும் தொடர்ந்து படுவதால் நாளடைவில் அரக்கு பிசுபிசுக்கும், ஆகவே அதற்கும் எண்ணெயே ஏற்றது.

பீரோவின் உட்புறத்திற்கும் மேசை இழுப்பறைகளுக்கும் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் எண்ணெய் பூசாதீர்கள். காற்றோட்டமில்லாத இடத்தில் அது காயப் பல வாரங்கள் எடுத்துக்கொள்ளும், வாடை உள்ளேயே தங்கிப் புடவையிலும் புத்தகத்திலும் ஏறிவிடும். அங்கே மெல்லிய அரக்கு ஒரு கை, அதாவது ஒரு தடவைப் பூச்சு, போதும்.

பூஜை அலமாரி தனிக் கவனம் கேட்கிறது. விளக்கெண்ணெய், மஞ்சள், குங்குமம், தண்ணீர் ஆகிய நான்கும் அங்கே சிந்தும். மஞ்சள் கறை பூச்சில்லாத பைனில் ஏறினால் அதை எடுப்பது மிகவும் கடினம். தட்டுப் பலகைக்கு மூன்று கை எண்ணெய் ஏற்றி, விளக்கின் கீழ் பித்தளைத் தாம்பாளம் ஒன்றை நிரந்தரமாக வைத்துவிடுவதே நான் பரிந்துரைக்கும் ஏற்பாடு.

குழந்தையின் தொட்டிலுக்கும் மர விளையாட்டுப் பொருள்களுக்கும் அரக்கைத் தேர்ந்தெடுங்கள். மாத்திரைகளுக்கும் மிட்டாய்களுக்கும் மேற்பூச்சாகவே பயன்படும் பொருள் அது.

உலரும் எண்ணெயும் உலராத எண்ணெயும்

புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. சமையலறையில் தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் இருக்க, வெளியே எண்ணெய் வாங்குவானேன் என்ற எண்ணம் இயல்பாக வரும். தேய்த்த அன்று மரம் பளபளப்பாகத் தெரியவும் செய்யும். ஆனால் அந்த எண்ணெய் மரத்துக்குள் திரவமாகவே இருக்கும், ஒருபோதும் படலமாக மாறாது. தூசியைப் பிடித்துக்கொள்ளும், தொட்டால் கையில் ஒட்டும், சில மாதங்களில் சிக்கு வாடை அடிக்கும். அதன்மேல் வேறெந்தப் பூச்சும் சரியாகப் பிடிக்காது.

ஆளி விதை எண்ணெய் காய்வது தண்ணீர் ஆவியாவதைப் போன்ற செயல் அன்று. அது காற்றிலுள்ள ஆக்சிஜனை உள்வாங்கி, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, வளையக்கூடிய திடப்பொருளாக மாறுகிறது. இந்தத் திறன் எந்த எண்ணெய்க்கு எவ்வளவு என்பதை அயோடின் எண் என்ற அளவு காட்டும். தேங்காயெண்ணெய்க்கு அது 10-ஐ ஒட்டியே நிற்கும், நல்லெண்ணெய்க்கு 100-ஐச் சற்றுத் தாண்டும், ஆளி விதை எண்ணெய்க்கு 170-க்கு மேல். விளக்கெண்ணெயும் கடலையெண்ணெயும் வேப்பெண்ணெயும் உலராத பக்கத்தைச் சேர்ந்தவையே. மரச்சாமானுக்கு நம்பிப் பூசத்தக்கவை ஆளி எண்ணெய், டங் எண்ணெய், வால்நட் எண்ணெய் ஆகிய மூன்றும்தான். இவற்றில் நம் ஊர்க் கடைகளில் எளிதாகக் கிடைப்பது ஆளி எண்ணெய்.

அதிலும் இரண்டு வகை உண்டு. செக்கில் ஆட்டிய பச்சை எண்ணெய் ஒவ்வொரு கைக்கும் ஒரு வாரமோ அதற்கு மேலோ காய வேண்டும். பெயின்ட் கடையில் ‘டபுள் பாயில்ட் லின்சீட் ஆயில்’ என்று விற்பது ஓரிரு நாளில் காய்ந்துவிடும். அந்த வேகத்துக்குக் காரணம் பெரும்பாலும் அதில் சேர்க்கும் கோபால்ட், மாங்கனீசு உப்புகளே. பழைய காலத்தில் ஈய உப்பும் சேர்த்தார்கள். டப்பாவில் என்ன சேர்க்கப்பட்டது என்று எழுதியிராத எண்ணெயைக் குழந்தைகளின் சாமானுக்குப் பூச வேண்டாம். மேசைக்கும் நாற்காலிக்கும் அதைப் பயன்படுத்தலாம். பொறுமை உள்ளவர்கள் எல்லாவற்றுக்கும் பச்சை எண்ணெயையே எடுக்கலாம், ஆனால் மழைக்காலத்தில் அதைத் தொடவே கூடாது. காயாத ஆளி எண்ணெய் பூஞ்சைக்கு உணவு. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பலகை கறுப்புப் புள்ளி பூத்துவிடும்.

டங் எண்ணெய் சீனாவைச் சேர்ந்த ஒரு மரத்தின் கொட்டையிலிருந்து வருவது. ஆளி எண்ணெயைவிடத் தண்ணீரை நன்றாகத் தாங்கும், மஞ்சளிப்பதும் குறைவு, விலை அதிகம். ‘டங் ஆயில் ஃபினிஷ்’ என்ற பெயரில் விற்கும் பலவற்றில் வார்னிஷும் பெட்ரோலியக் கரைப்பானும் கலந்திருக்கும். ‘நூறு விழுக்காடு டங் எண்ணெய்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயும் இயற்கையானதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. கடலோர ஊர்களில் படகுக்கும் கூரைக் கட்டைக்கும் அதைப் பூசுவது பழைய வழக்கம், அந்த வேலைக்கு அது அருமையான பொருள். ஆனால் தோலில் பட்டால் கொப்புளம் போடும், மரத்தைக் கருப்பாக்கும். வீட்டுக்குள் உட்காரும் சாமானுக்கு அது பொருந்தாது.

அரக்கு

நகைக்குள் வைப்பதும் தபால் உறைக்கு முத்திரையிடுவதும் வளையலாக உருட்டுவதுமான அரக்கின் சுத்திகரித்த வடிவமே ஷெல்லாக். புரசு, இலந்தை, குசும் ஆகிய மரங்களின் சிறு கிளைகளில் குடியேறும் ஒரு நுண்பூச்சி சுரக்கும் பிசின் அது. உலகின் அரக்கில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து, குறிப்பாக ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பகுதிகளிலிருந்து வருகிறது. ராஞ்சியில் 1924-இல் அரக்குக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. இவ்வளவு அருகில் விளையும் இந்தப் பொருளை நம் இளைய தச்சர்கள் பலர் கையாலும் தொட்டதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

பைனைப் பொறுத்தவரை அரக்கின் தலைசிறந்த குணம், கணுவிலிருந்து பிசின் கசிவதை அது தடுப்பதே. அதைக் கரைக்கும் மெத்திலேட்டட் ஸ்பிரிட் ஆவியானவுடன் காய்ந்துவிடுவதால் ஒரே நாளில் மூன்று நான்கு கை பூசலாம். எண்ணெயின்மேலும் மெழுகின் கீழும் நன்றாக ஒட்டும். அதன் குறைகள் மூன்று. ஏறத்தாழ 75 டிகிரி வெப்பத்தில் உருகத் தொடங்கும். ஆல்கஹால் பட்டால் கரையும், ஆகவே சானிடைசர் பாட்டிலை அருகில் வைக்கக் கூடாது. சோப்பு, அம்மோனியா போன்ற காரப்பொருள்களால் துடைத்தால் மங்கும்.

தகடாக விற்கும் அரக்கு பல நிறங்களில் கிடைக்கும். ஆரஞ்சு நிறத் தகடு பைனுக்குத் தேன் நிறம் தரும், புதுப் பலகையின் பாலாடை வெளுப்பைக் காப்பாற்ற விரும்பினால் மெழுகு நீக்கிய வெளிர்நிறத் தகட்டை வாங்க வேண்டும். எதைப் பூசினாலும் பைன் வெளிச்சம் பட்டுத் தானே மஞ்சளாகும். ஆளி எண்ணெய் அதை விரைவுபடுத்தும். டென்மார்க்கிலும் சுவீடனிலும் இந்த வெளுப்பைக் காக்கத் தூய சோப்புச் சீவலை வெந்நீரில் கரைத்துத் தரைப்பலகைக்கும் மேசைக்கும் தேய்க்கிறார்கள். அழகான முறைதான். ஆனால் அடிக்கடி மறுபடி தேய்க்க வேண்டும், குளியல் சோப்பையோ துணி சோப்பையோ கொண்டு அதைச் செய்ய முடியாது.

மெழுகு

தேன்மெழுகைத் தனிப் பூச்சாக நம்பாதீர்கள். அது 62 முதல் 64 டிகிரியில் உருகும், 35 டிகிரியிலேயே இளகும். சித்திரை வெயில் விழும் மேற்குச் சன்னல் அருகே மெழுகு மட்டும் பூசிய நாற்காலி பிசுபிசுத்துத் தூசி பிடிப்பது இதனால்தான். அரக்கின்மேலோ காய்ந்த எண்ணெயின்மேலோ மிக மெல்லிய கடைசிக் கையாகத் தேய்ப்பதற்கே அது சிறந்தது. பிரேசிலின் ஒருவகைப் பனையோலையிலிருந்து எடுக்கும் கார்னாபா மெழுகு 80 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்பதால், தேன்மெழுகோடு அதைச் சிறிது சேர்த்த கலவை நம் வெப்பத்துக்குப் பொருந்தும்.

வீட்டில் மெழுகுக் களிம்பு செய்ய, எடைப்படி ஒரு பங்கு தேன்மெழுகுக்கு மூன்று அல்லது நான்கு பங்கு ஆளி எண்ணெயோ டங் எண்ணெயோ போதும். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்து மெழுகை உருக்குங்கள், நேரடியாக அடுப்பில் வைக்க வேண்டாம். டர்பன்டைன் சேர்ப்பதானால் அடுப்பை அணைத்து, பாத்திரத்தை வேறு இடத்துக்கு எடுத்துச் சென்ற பிறகே சேர்க்க வேண்டும். பெயின்ட் கடையில் டர்பன்டைன் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது பெட்ரோலியத்திலிருந்து எடுத்த மினரல் டர்பன்டைன். பைன் பிசினைக் காய்ச்சி வடித்த அசல் டர்பன்டைனைக் கேட்டு வாங்க வேண்டும். மெழுகும் பாரஃபின் கலப்படமில்லாததாக இருக்க வேண்டும் என்பதால், மார்த்தாண்டம் போன்ற தேனீ வளர்ப்பு ஊர்களில் நேரடியாக வாங்குவது நல்லது.

பலகையைத் தயார்செய்தல்

பூச்சின் அழகில் பெரும்பாதி இங்கேதான் தீர்மானமாகிறது. 80 நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 120, 150 என்று ஏறி 180-இல் நிறுத்துங்கள். அரக்குக்கு 220 வரை போகலாம். எண்ணெய்க்கு 180-க்கு மேல் வழவழப்பாக்கினால் அது உள்ளே சரியாக இறங்காது. எப்போதும் ரேகையின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்த கீறல் வெறும் பலகையில் கண்ணுக்குத் தெரியாது, எண்ணெய் பட்டவுடன் எழுந்து நிற்கும். பைனில் அதிகம் அழுத்தித் தேய்த்தால் வளையங்களின் மென்மையான பகுதி மட்டும் குழிந்து பலகை அலையலையாகிவிடும், ஆகவே தாளை ஒரு சமமான கட்டையில் சுற்றிக்கொண்டு லேசாகத் தேயுங்கள்.

பிறகு பிழிந்த ஈரத்துணியால் ஒரு முறை துடையுங்கள். படுத்திருந்த நார்கள் எழுந்து நிற்கும். காய்ந்தபின் 180 தாளால் அவற்றைத் தட்டிவிட்டால், பூச்சு ஏறிய பிறகு சொரசொரப்பு வராது. ஆணிக்குழிகளுக்கு மக்கு வைப்பதானால், அதே பலகையைத் தேய்த்த தூளை அரக்குக் கரைசலில் குழைத்து வைக்கலாம், நிறம் அதிகம் வேறுபடாது.

கணுக்களை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துப் பிசினை எடுத்துவிட்டு, அரக்கை அந்த இடத்தில் மட்டும் இரண்டு கை பூசிக் காயவிடுங்கள். மேலே எண்ணெய் பூசப்போகிறவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. அரக்குப் பட்ட இடத்தில் எண்ணெய் இறங்காது, நிறம் மாறித் தெரியும். கணு நிறைந்த பலகையை எண்ணெய் வேலைக்குத் தேர்ந்தெடுக்காமல் இருப்பதே இதற்கு நல்ல வழி. சூளையில் 70 டிகிரிக்கு மேல் உலர்த்திய பைனில் பிசின் இறுகிவிடுவதால் கசிவு குறைவு, கடையில் அதைக் கேட்டுப் பாருங்கள்.

மாதிரிப் பலகை

சாமான் செய்த அதே மரத்தின் வெட்டுத் துண்டு ஒன்றை அதே முறையில் தேய்த்து, மூன்று பகுதியாகப் பிரித்து, ஒன்றில் அரக்கும் மெழுகும், ஒன்றில் ஆளி எண்ணெய், ஒன்றில் எதுவும் பூசாமல் விடுங்கள். நன்றாகக் காய்ந்தபின் ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டுக் கால் மணி நேரம் கழித்துத் துடையுங்கள். சூடான டம்ளரை வையுங்கள். மஞ்சள்தூளைக் குழைத்து ஒரு பொட்டு வையுங்கள். நகத்தால் அழுத்துங்கள். இந்த ஒரு துண்டு எந்தக் கட்டுரையையும்விட அதிகம் சொல்லும், அதைத் தவிர்த்துவிட்டு மேசையில் நேரடியாகத் தொடங்குவதை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

அரக்குப் பூசும் முறை

ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 120 முதல் 150 கிராம் அரக்குத் தகடு என்ற கணக்கில், கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் பாத்திரத்தில் ஊறவைத்து, அவ்வப்போது கலக்கி, ஒரு நாள் கழித்து மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். சூடுபடுத்த வேண்டாம். 99 விழுக்காடு ஐசோபுரொபைல் ஆல்கஹாலிலும் அரக்குக் கரையும், சற்று நேரம் பிடிக்கும். 70 விழுக்காட்டுச் சானிடைசரில் தண்ணீர் இருப்பதால் அது உதவாது. கரைத்த அரக்கு நாள்பட்டால் காயும் திறனை இழக்கும். ஆறு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள், பாத்திரத்தில் தேதியை எழுதி ஒட்டுங்கள். கலக்கச் சிரமப்படுகிறவர்கள் கடையில் ஆயத்தமாக விற்கும் பிரெஞ்சு பாலிஷை வாங்கலாம், அதிலும் தயாரித்த தேதியைப் பார்க்க வேண்டும். மெத்திலேட்டட் ஸ்பிரிட் நச்சுப்பொருள், எளிதில் தீப்பற்றக்கூடியது. சன்னல்களைத் திறந்து, கையுறை அணிந்து, அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில் வேலை செய்யுங்கள்.

பழைய பருத்தி வேட்டித் துணிக்குள் பஞ்சை வைத்துப் பந்தாகக் கட்டி, கரைசலில் தொட்டு, ரேகையின் போக்கில் ஒரே இழுப்பாக இழுங்கள். பூசிய இடத்துக்கு உடனே திரும்பிப் போகாதீர்கள், பாதி காய்ந்த அரக்கைத் தேய்த்தால் திரிதிரியாக எழும். அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் அடுத்த கை பூசலாம். இரண்டாவது கைக்குப் பிறகு 320 நம்பர் தாளால் மெல்ல ஒரு தடவை தேய்த்துத் தூசியைத் துடையுங்கள். நான்கு அல்லது ஐந்து மெல்லிய கைகள் போதும். மழை பெய்யும் நாளில் பூசினால் காற்றின் ஈரம் படலத்தில் சிக்கி வெண்மை படரும், ஆகவே வெயில் உள்ள முற்பகல் நேரமே ஏற்றது. மூன்று நாள் கழித்து மெழுகுக் களிம்பைத் துணியில் மிகக் குறைவாக எடுத்துத் தேய்த்து, கால் மணி நேரம் விட்டு, வேறொரு துணியால் மெருகேற்றுங்கள்.

சாயம் ஏற்ற விரும்புகிறவர்கள், லிட்டருக்கு 60 கிராம் மட்டுமே கரைத்த மெழுகு நீக்கிய அரக்கை முதலில் ஒரு கை பூசிவிட்டால், பைனின் உறிஞ்சும் பகுதி ஓரளவு அடைபட்டுத் திட்டுகள் குறையும்.

எண்ணெய் பூசும் முறை

முதல் கைக்கு எண்ணெயையும் அசல் டர்பன்டைனையும் சம அளவு கலந்துகொள்ளுங்கள். துணியால் தாராளமாகத் தடவி, 15 அல்லது 20 நிமிடம் ஊறவிட்டு, உறிஞ்சாமல் மேலே நிற்கும் எண்ணெயை ஒரு சொட்டும் மிஞ்சாமல் துடைத்தெடுங்கள். எண்ணெய் வேலையின் வெற்றி இந்தத் துடைப்பில்தான் இருக்கிறது. மேலே தங்கிய எண்ணெய் தோல்போலப் படர்ந்து மாதக்கணக்கில் ஒட்டும், பிறகு அதைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் சில இடங்களில் எண்ணெய் மறுபடி கசிந்து நிற்கும், அதையும் துடையுங்கள். அடுத்த இரண்டு கைகளுக்கு எண்ணெயை நீர்க்காமல், இன்னும் குறைவாகப் பூசுங்கள். ஒவ்வொரு கைக்கும் நடுவே தொட்டால் ஒட்டாத நிலை வர வேண்டும். பலகையின் அடிப்பக்கத்துக்கும் அதே எண்ணிக்கையில் பூசுவது அவசியம், ஒரு பக்கம் மட்டும் பூசினால் ஈரம் ஏறி இறங்கும்போது பலகை வளைந்துவிடும். தொட உலர்ந்தாலும் முழுமையாக இறுக ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். அதுவரை மேசையில் ஈரப் பாத்திரம் வைக்க வேண்டாம்.

எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள்

ஆளி எண்ணெய் காயும்போது வெப்பம் வெளிப்படுகிறது. விரித்த பலகையில் அது காற்றோடு போய்விடும். சுருட்டிய துணிக்குள் அது வெளியேற வழியில்லாமல் சேர்ந்துகொண்டே போய், யாரும் தீ வைக்காமலேயே துணி பற்றிக்கொள்ளும். 1991 பிப்ரவரி 23-ஆம் நாள் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடத்தில் மூண்ட பெருந்தீ, 22-ஆம் மாடியில் மரவேலை செய்தவர்கள் விட்டுச்சென்ற ஆளி எண்ணெய்த் துணிகளிலிருந்தே தொடங்கியது. அதில் மூன்று தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள். வேலை முடிந்தவுடன் துணிகளைத் தண்ணீரில் முக்கி, வெளியே கொடியிலோ தரையிலோ ஒற்றையாக விரித்து, விறைத்துக் காய்ந்த பிறகே குப்பையில் போடுங்கள். மாடிப்படிக்குக் கீழேயும், குப்பைத் தொட்டியிலும், ஸ்கூட்டர் பெட்டியிலும் அவற்றைப் போட்டு வைக்கக் கூடாது. டங் எண்ணெய்க்கும், எண்ணெய் சேர்த்த மெழுகுக் களிம்புக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

பராமரிப்பும் பழுதும்

எண்ணெய் பூசிய மேசையில் தண்ணீர் முத்துமுத்தாக நிற்காமல் பரவத் தொடங்கினால், மறுபடி ஒரு கை பூச வேண்டிய நேரம் வந்துவிட்டது. நாள்தோறும் புழங்கும் மேசைக்கு ஆண்டுக்கு ஒன்று அல்லது இரண்டு முறை இது தேவைப்படும். 220 தாளால் மேலோட்டமாகத் தேய்த்து, மெல்லிய ஒரு கை எண்ணெய் பூசித் துடைத்தால் போதும். அரக்கில் வெள்ளை வளையம் விழுந்தால், ஸ்பிரிட் மிக லேசாகத் தொட்ட பஞ்சுப் பந்தை அதன்மேல் ஒரு முறை ஓட்டினால் படலம் இளகி ஈரம் வெளியேறும், அழுத்தினால் படலமே எழுந்துவிடும்.

பள்ளம் விழுந்த இடத்தில் நார்கள் அறுபடாமல் நசுங்கி மட்டும் இருந்தால் அதை எழுப்பிவிடலாம். பள்ளத்தில் சில சொட்டுத் தண்ணீரை விட்டு ஊறவைத்து, ஈரமான பருத்தித் துணியை மேலே விரித்து, சூடான இஸ்திரிப் பெட்டியின் நுனியைச் சில விநாடிகள் வைத்து எடுங்கள். நீராவி ஏறி மரம் உப்பி மேலே வரும். தேவைப்பட்டால் இரண்டு மூன்று முறை செய்யலாம். எண்ணெய் பூசிய பரப்பில் இதைத் தயங்காமல் செய்யலாம். அரக்குப் பரப்பில் செய்வதானால் அந்த இடத்தின் படலத்தை முதலில் ஸ்பிரிட்டால் துடைத்தெடுத்துவிட வேண்டும். மறுநாள் அந்த இடம் நன்கு காய்ந்தபின் 180 தாளால் சமன்படுத்தி, முன்பு பூசிய அதே பொருளை அங்கே மட்டும் இரண்டு கை பூசுங்கள்.